போன் கவர் வாங்கும்போது கேமரா விளிம்பைப் பாருங்கள்

போன வாரம் ஒரு மத்தியானம், தேயிலைக் கொழுந்து எடை போட்டு முடித்த கையோடு ஒரு அக்கா கடைக்கு வந்தார். இடுப்பில் கட்டிய பிளாஸ்டிக் ஷீட்டைக்கூட அவிழ்க்கவில்லை. போனை என் முன்னால் வைத்து, “பாப்பா, எத எடுத்தாலும் பனி மூடின மாதிரி வருது. நேத்து பேத்திக்குப் பள்ளிக்கூடத்துல பரிசு கொடுத்தாங்க. எடுத்தேன். மூஞ்சியே தெரியல” என்றார். கேலரியைத் திறந்தும் காட்டினார். மேடை தெரிகிறது, சீருடை தெரிகிறது, முகம் இருக்க வேண்டிய இடத்தில் பாலைக் கொட்டியதுபோல ஒரு வெளிச்சம்.

எண்ணெய்க் கை பட்டிருக்கும் என்று முதலில் நினைத்தேன். துடைத்தும் போகவில்லை. தம்பி போர்டு வேலைக்கு வைத்திருக்கும் பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. மூன்று கேமரா வளையங்களில் இரண்டின் கண்ணாடியில், கீழ்ப்பாதி முழுக்க, பிறை வடிவத்தில் மயிரிழை மயிரிழையாகக் கீறல்கள். கவரைக் கழற்றினேன். கேமராவைச் சுற்றி உயர்ந்து நிற்க வேண்டிய விளிம்பு தேய்ந்து கேமரா உயரத்துக்கே வந்துவிட்டது. எடை போடும் கொட்டகையில் சிமெண்ட் திண்டின் மேல்தான் தினமும் போனை வைப்பாராம். ஒரு வருஷமாக அந்தத் திண்டில் உரசிக்கொண்டிருந்தது கேமராவின் கண்ணாடி.

குன்னூர் மார்க்கெட் பக்கம் எட்டடிக்கு ஆறடியில் எங்கள் கடை. தம்பி சர்வீஸ் பார்க்கிறான். பேக் கவர், டெம்பர் கிளாஸ் எல்லாம் பதின்மூன்று வருஷமாக என் பொறுப்பு. கவர் கேட்டு வருகிறவர்களில் பெரும்பாலோர் முதுகைத்தான் பார்க்கிறார்கள். என்ன நிறம், என்ன படம், எவ்வளவு மெலிசு. அந்த அக்காவும் ஊதா நிறம் பிடித்துத்தான் அதை வாங்கியிருக்கிறார். கவரில் முதலில் பார்க்க வேண்டியது கேமராவைச் சுற்றியுள்ள அந்த ஒரு மில்லிமீட்டர் விளிம்பு. அதை எப்படிப் பார்ப்பது, எப்படிப் பராமரிப்பது என்று கடையில் ஒவ்வொருவருக்கும் வாயால் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கேமரா ஏன் இப்படி முதுகைத் தாண்டி நீட்டிக்கொண்டு நிற்கிறது என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். அதில் ஒரு நியாயம் இருக்கிறது. படம் விழுகிற சென்சார் பெரிதாக இருந்தால் வெளிச்சம் அதிகம் கிடைக்கும், இரவிலும் படம் தெளிவாக வரும். ஆனால் சென்சார் பெரிதாகப் பெரிதாக, லென்ஸுக்கும் அதற்கும் நடுவே வேண்டிய இடைவெளியும் கூடும். இன்றைய போனின் மொத்தத் தடிமனே சுமார் 8 மில்லிமீட்டர். அதற்குள் திரை இருக்கிறது, முதுகுக் கண்ணாடி இருக்கிறது. மிச்சம் இருக்கும் ஆழம் போதாமல் லென்ஸ் வெளியே வருகிறது. 2012-ல் வந்த நோக்கியா 808 ப்யூர்வியூவுக்கும் அடுத்த வருஷம் வந்த லூமியா 1020-க்கும் முதுகில் ஒரு திமில் இருந்ததைப் பழைய ஆட்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஐபோனில் கேமரா முதன்முதலில் மேடாக வந்தது 2014-ல், ஐபோன் 6-ல். அதற்குப் பிறகு மேடு வளர்ந்துகொண்டேதான் போகிறது. 2022-ல் ஷாவ்மி 12எஸ் அல்ட்ரா ஒரு அங்குல வகை சென்சாரோடு வந்தபோது முதுகில் பெரிய வட்டத் தட்டையே வைத்தார்கள். தூரத்தில் இருப்பதை நெருக்கிக் காட்டும் சில லென்ஸ்களைப் போனுக்குள் படுக்கவைத்து, கண்ணாடிப் பட்டகத்தால் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறார்கள். அப்படிச் செய்தும் மேடு போகவில்லை. ஆகவே போன் செய்கிறவர்கள் இதைச் சரிசெய்வார்கள் என்று காத்திருக்க வேண்டாம். அந்த உயரத்தை ஈடுகட்டுவது இப்போது கவரின் வேலை.

எது கீறுகிறது என்பது தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. சாவிக்கொத்தோடு போனை வைத்ததால்தான் கேமரா போச்சு என்பார்கள். சாதாரணச் சாவி கண்ணாடியைக் கீறுவது கடினம். கீறுவது அந்தச் சாவியோடு பையில் கிடக்கும் மணல். கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை எண் போட்டுச் சொல்லும் மோஸ் அளவு என்று ஒன்று உண்டு. கண்ணாடி அதில் 6-ஐ ஒட்டி நிற்கும். மணலில் பளபளக்கும் குவார்ட்ஸுக்கு 7. எண் கூடியது குறைந்ததைக் கீறும், அவ்வளவுதான் கணக்கு. நீலகிரி மலை நிற்பதே சார்னகைட் என்கிற பாறையின் மேல். அதில் குவார்ட்ஸ் கலந்திருக்கிறது. நம் செம்மண்ணிலும் அதே பொடிதான். சிமெண்ட் திண்டு, பஸ் ஸ்டாண்ட் பெஞ்சு, தோட்டத்துக் கல்லு, வேலை முடிந்து வந்த ஸ்வெட்டர் பாக்கெட், எல்லாவற்றிலும் அது இருக்கிறது. சில போன்களில் கேமராவின் மேல் 9 கடினமுள்ள நீலக்கல் கண்ணாடி வைக்கிறார்கள். ஐபோனில் 2012 முதல் அதுதான் என்று ஆப்பிள் சொல்கிறது. நம் கடைக்கு வரும் பெரும்பாலான போன்களில் இருப்பது சாதாரணக் கடினக் கண்ணாடி.

சரி, இனி கடையில் செய்ய வேண்டியது.

உங்கள் போனுக்கான கவரை மாட்டச் சொல்லுங்கள். பாக்கெட்டோடு வாங்கிப் போய் வீட்டில் பிரிக்காதீர்கள். மாட்டியதும் ஒரு துணியின் மேல் திரை கீழே, முதுகு மேலே இருக்கும்படி வையுங்கள். பர்ஸிலிருந்து ஏடிஎம் கார்டையோ ஸ்மார்ட் ரேஷன் கார்டையோ எடுங்கள். அதன் நீளமான ஓரம் கீழே வருமாறு செங்குத்தாகப் பிடித்து, கேமரா மேட்டின் இடது விளிம்பிலும் வலது விளிம்பிலும் பாலம்போல உட்காரவையுங்கள். கார்டின் நீளம் எட்டரை சென்டிமீட்டர், போனின் அகலம் ஏழரை, எட்டு. ஆகவே எட்டும். இப்போது கண்ணைப் போன் மட்டத்துக்குத் தாழ்த்தி, வெளிச்சத்துக்கு எதிராகப் பாருங்கள். கார்டின் ஓரத்துக்கும் கேமராக் கண்ணாடிக்கும் நடுவே ஒரு வெளிச்சக் கோடு தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் அந்தக் கவர் உங்களுக்கு வேண்டாம்.

கோடு தெரிந்தால் அது எவ்வளவு என்று அளக்கலாம். ஜெராக்ஸ் கடை ஏ4 தாள் ஒன்று சுமார் 0.1 மில்லிமீட்டர். அப்படி ஒரு தாளைக் கிழித்து, விரல் அகலத் துண்டுகளாக வைத்திருக்கிறேன். பாலத்துக்கு அடியில் ஒரு துண்டு நுழைகிறதா? இரண்டு? ஐந்து துண்டும் சேர்ந்து தடையில்லாமல் நுழைந்தால் அரை மில்லிமீட்டர் இடைவெளி இருக்கிறது என்று அர்த்தம். மேசையும் மெத்தையுமாகப் போனை வைக்கிறவர்களுக்கு அது போதும். தோட்டத்திலும் ரோட்டிலும் வேலை செய்கிறவர்களுக்கு இன்னொரு ஏடிஎம் கார்டே படுத்தபடி நுழைய வேண்டும் என்பேன். அதன் தடிமன் 0.76 மில்லிமீட்டர், எந்த பேங்க் கார்டாக இருந்தாலும் ஒன்றுதான். குறுக்கே பார்த்ததுபோல மூலைக்கு மூலையும் பாருங்கள். சில கவர்களில் நாலு பக்கமும் உயர்ந்திருக்கும், நடுவில் உள்ள பெரிய லென்ஸ் மட்டும் அவற்றையெல்லாம் தாண்டித் தலையைத் தூக்கும்.

அளந்த பிறகு, பாலமாக நிற்கும் கார்டின் நடுவில் ஒரு விரலால் லேசாக அழுத்துங்கள். விளிம்பு அமுங்கிக் கார்டு கண்ணாடியைத் தொட்டுவிட்டால், உயரம் இருந்தும் பயனில்லை. இட்லி மாதிரி மெத்தென்று இருக்கும் சிலிகோன் கவர்களில் இது நடக்கும். தொட்டால் சுகமாக இருக்கும், கையில் வழுக்காது. ஆனால் போன் விழும்போது விளிம்பு மடங்கிக் கொடுத்துவிடுகிறது. டிபியு என்கிற வளையும் பிளாஸ்டிக்கில் ஓரமும், கெட்டியான பாலிகார்பனேட்டில் முதுகும் சேர்த்துச் செய்தவைதான் என் அனுபவத்தில் நன்றாக உழைக்கின்றன. விளிம்பை நகத்தால் அழுத்தினால் லேசாக இறங்கி உடனே எழ வேண்டும், அதுதான் பதம். ரொம்ப மெலிசான கார்பன் மாதிரிக் கவர்கள் அழகுதான். ஆனால் அவற்றில் பல கேமராவுக்கு ஓட்டை மட்டும் விட்டிருக்கும், விளிம்பே இருக்காது. அதை வாங்கிக்கொண்டு ஊட்டி பஸ்ஸில் நின்றுகொண்டு போகாதீர்கள்.

அடுத்து ஓட்டையின் வடிவம். கேமரா மேடு முழுவதற்கும் ஒரே பெரிய ஜன்னல் விட்ட கவர் உண்டு. ஒவ்வொரு லென்ஸுக்கும் தனித்தனி வட்டம் வெட்டியதும் உண்டு. கார்டு சோதனை தட்டையான இடத்துக்குத்தான் செல்லும். தரையில் ஒரு கூழாங்கல் துருத்திக்கொண்டிருந்தால் பெரிய ஜன்னல் வழியாக அது நேராக லென்ஸைத் தொடும். ஆகவே தனி வட்டம் எனக்குப் பிடிக்கும். ஆனால் அதில் ஒரு சிக்கல் உண்டு. வட்டம் இறுக்கமாக இருந்தால், அகலமாக எடுக்கும் லென்ஸில் மூலையில் கறுப்பு நிழல் விழும். வாங்கும் இடத்திலேயே 0.6 என்று இருக்கும் அகல கேமராவைத் தட்டி, கடைக்கு வெளியே வந்து வெள்ளை வானத்தை ஒரு படம் எடுத்து நாலு மூலையையும் பாருங்கள். நம் ஊரில் மேகத்துக்கா பஞ்சம், எந்நேரமும் வெள்ளை வானம் கிடைக்கும்.

கேமராவை மூடித் திறக்கும் ஷட்டர் வைத்த கவரைப் பிள்ளைகள் ஆசையாகக் கேட்பார்கள். சமவெளியில் எப்படியோ, இங்கே நான் கொடுப்பதில்லை. ஷட்டர் நகரும் பள்ளத்தில் மண் சேர்ந்துவிடுகிறது. ஒவ்வொரு முறை தள்ளும்போதும் அது கேமராவுக்கு மேலேயே போய் வருகிறது.

மாடல் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். ஒரே பெயரில் 4ஜி ஒன்று, 5ஜி ஒன்று, பின்னால் ப்ளஸ் ஒன்று, ப்ரோ ஒன்று என்று வருகின்றன. உடம்பு ஒரே அளவாக இருக்கும், கேமரா மட்டும் அரை மில்லிமீட்டர் தள்ளியிருக்கும். “மாட்டிப் பாத்தேன், சரியாத்தான் உக்காந்துச்சு” என்று சொல்வார்கள். உட்காரும்தான். ஆனால் ஃப்ளாஷை முக்கால் பங்கு மறைத்திருக்கும். செட்டிங்ஸில் போனைப் பற்றிய பக்கத்தைத் திறந்தால் எழுத்தும் எண்ணுமாக ஒரு மாடல் நம்பர் இருக்கும். அதைக் கடைக்காரரிடம் காட்டுங்கள், பெயரை மட்டும் சொல்லாதீர்கள். கேமரா மேட்டில் ஊசி முனை அளவு ஒரு துளையும் இருக்கலாம். பல போன்களில் அது மைக். கவர் அதை மூடினால் வீடியோவில் சத்தம் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருக்கும். பத்து விநாடி வீடியோ எடுத்துக் கேட்டுவிட்டால் தெரிந்துபோகும்.

ஃப்ளாஷ் சோதனைக்கு எங்கள் கடையில் ஒரு அட்டைப்பெட்டி வைத்திருக்கிறேன், உள்ளே கறுப்புத் துணி. வீட்டில் பீரோவின் கீழ்த்தட்டு போதும். இருட்டில் ஃப்ளாஷ் போட்டு, கறுப்புத் துணியைக் கவரோடு ஒரு படம், கவர் இல்லாமல் ஒரு படம் எடுங்கள். கவரோடு எடுத்ததில் கறுப்பு வெளுத்துச் சாம்பலாகத் தெரிந்தால், ஃப்ளாஷ் வெளிச்சம் கவரின் ஓரத்தில் பட்டு லென்ஸுக்குள் திரும்புகிறது. கண்ணாடி போன்ற கவர்களிலும் வெளிர்நிறக் கவர்களிலும் இது அதிகம். ஃப்ளாஷைச் சுற்றி மட்டும் கறுப்பு வளையம் வைத்து வரும் கவர்கள் இதற்காகவே செய்யப்பட்டவை. கண்ணாடிக் கவர்தான் வேண்டும் என்றால் அப்படிப் பார்த்து வாங்குங்கள்.

இனி எல்லாரும் கேட்கும் கேள்வி. கேமராவுக்கு மேலே தனியாக ஒரு கிளாஸ் ஒட்டலாமா? நான் அதை விற்கிறேன். ஒட்டினால் எனக்கு வருமானமும் உண்டு. ஆனாலும் விளிம்பு சரியாக உள்ள கவர் போட்டவர்களுக்கு அது தேவையில்லை என்றுதான் சொல்கிறேன். ஒரு கண்ணாடிக்கு மேல் இன்னொன்று வந்தால் நடுவில் ஒரு காற்றிடை வரும். ராத்திரி எதிரே வரும் வண்டியின் விளக்கு அந்த இரண்டு பரப்பிலும் பட்டு, படத்தில் ஒளிப்பொட்டாக இன்னொரு இடத்தில் தெரியும். இங்கே அதற்கும் மேல் ஒரு தொல்லை இருக்கிறது. ஊட்டிக்கும் கூடலூருக்கும் தென்மேற்குப் பருவமழை என்றால், குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் பெரிய மழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. அந்த மூன்று மாதமும் ஈரம் அந்த இடைவெளிக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. மேலிருந்து துடைத்தால் போகாது. கேமரா கெட்டுவிட்டது என்று பயந்துபோய் வருகிறவர்களின் போனில், ஒட்டிய கிளாஸைப் பிரித்ததுமே படம் பளிச்சென்று வந்ததைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

கல் உடைக்கிற இடம், கட்டட வேலை என்று போகிறவர்களுக்கு ஒட்டித் தருகிறேன். அப்போதும் மேடு முழுக்க மூடும் தட்டு வேண்டாம், லென்ஸ் லென்ஸாக ஒட்டும் தனி வட்டம் போதும். ஃப்ளாஷுக்கு மேல் எதுவும் வரக் கூடாது. கிளாஸ் ஒட்டினால் அந்த உயரமும் கூடும் என்பதை மறக்காதீர்கள். கார்டு சோதனையை மறுபடி செய்ய வேண்டும். ஒட்டிய கிளாஸ் விரிசல் விட்டால் அன்றைக்கே கழற்றிவிடுங்கள். உடைந்த தூள் கீழே இருக்கும் நிஜக் கண்ணாடியை அரைக்கும். பிளேடு போட்டு நெம்பாதீர்கள். தலைமுடி உலர்த்தும் மெஷினின் மிதமான சூட்டைச் சற்றுத் தள்ளிப் பிடித்துக் காட்டினால் பசை இளகும், பிறகு பழைய பிளாஸ்டிக் கார்டின் மூலையால் மெதுவாக எடுக்கலாம்.

பனிக்காலத்தில் ஒன்று கவனிக்க வேண்டும். விடியற்காலை ஆறு மணிக்கு வண்டியின் சைடு பாக்ஸில் போட்டு வந்த போன் சில்லென்று இருக்கும். அதோடு நேரே சமையலறைக்குப் போய், டீ கொதிக்கும் அடுப்புப் பக்கம் வைத்தால் லென்ஸில் உடனே ஆவி படியும். சூடான ஈரக்காற்று குளிர்ந்த பரப்பில் பட்டால் நீராக மாறுவது இயல்பு. அதைத் தேய்க்காதீர்கள். பையிலேயே கால் மணி நேரம் வைத்திருந்து, போன் வீட்டுச் சூட்டுக்கு வந்த பிறகு எடுங்கள். வெளியில் படிந்த ஆவி தானாகப் போய்விடும். துடைத்தும் போகாமல் கண்ணாடிக்கு உள்பக்கம் மூட்டம் தெரிந்தால், அது வேறு விஷயம்: எங்கேயோ சீல் விட்டிருக்கிறது. போனை அணைத்து, சார்ஜ் போடாமல் சர்வீஸுக்குக் கொண்டு வாருங்கள். அரிசியில் புதைக்க வேண்டாம். அரிசித் தூள் போனைக் கெடுக்கும் என்று ஆப்பிள் 2024-ல் எழுத்திலேயே சொல்லிவிட்டது. கணப்பு அடுப்பின் மேலும் வைக்க வேண்டாம்.

பராமரிப்புக்கு வருகிறேன். பெரும்பாலோர் வாங்கிய நாளில் மாட்டிய கவரைப் போனை மாற்றும் நாளில்தான் கழற்றுகிறார்கள். அந்த அக்காவின் கவரைக் கழற்றியபோது உள்ளே என்ன இருந்தது என்று சொல்கிறேன். கேமரா மேட்டைச் சுற்றி, கவரின் உள் ஓரத்தில், சந்தனம் குழைத்ததுபோல ஒரு செந்நிறக் கோடு. வெள்ளைத் தாளில் தட்டினேன். செம்மண், காய்ந்த தேயிலைத் துகள், ஸ்வெட்டர் நூல் சுருள், நடுநடுவே சர்க்கரைபோல மின்னும் நாலைந்து மணல். அந்த மணல்தான் போனின் முதுகுப் பெயிண்டையும் கேமராவைச் சுற்றியுள்ள உலோகத்தையும் ஒரு வருஷமாக ராவிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை தோறும் கவரைக் கழற்றுங்கள். சோப்பு நீரில் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து அலசி, நிழலில் காயவையுங்கள். முழுக்கக் காய்ந்த பிறகே மாட்ட வேண்டும், ஈரத்தோடு மாட்டுவது கழுவாமல் இருப்பதைவிட மோசம். லென்ஸை முதலில் ஊதுங்கள், எச்சில் தெறிக்காமல். காற்றடிக்கும் ரப்பர் பல்பு இருந்தால் இன்னும் நல்லது. மணல் போன பிறகு மூக்குக்கண்ணாடி துடைக்கும் மெல்லிய துணியால் நடுவிலிருந்து வெளியே துடையுங்கள். முந்தானையாலும் சட்டை நுனியாலும் துடைக்க வேண்டாம். வேலைக்குப் போன துணியில் அதே மணல் இருக்கிறது. தோல் ஃபிளிப் கவர் வைத்திருப்பவர்கள் மழைக்காலத்தில் அதன் மடிப்பைப் பார்க்க வேண்டும். நம் ஈரத்துக்கு அங்கே சாம்பல் நிறப் பூஞ்சணம் பிடிக்கும். நான் அக்டோபருக்குப் பிறகு தோல் கவர் கொடுப்பதில்லை.

வண்டி ஓட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. என் தம்பி மேட்டுப்பாளையத்துக்குச் சரக்கெடுக்கப் போகும்போதெல்லாம் பைக் ஹேண்டிலில் போனைப் பிடித்து வைத்து வழி பார்ப்பான். பதினாலு கொண்டை ஊசி வளைவு, ஆறேழு மாதம். ஒருநாள் கேமராவைத் திறந்தால் படம் தானாக நடுங்கியது, உள்ளே கிர்ரென்று ஒரு சத்தம். கை நடுக்கத்தைச் சமாளிக்க, கேமராவுக்குள் லென்ஸையோ சென்சாரையோ காந்தத்தால் நகர்த்தும் ஒரு மென்மையான அமைப்பு பல போன்களில் இருக்கிறது. பெரிய பைக் என்ஜினின் தொடர் அதிர்வு அதைப் பாதிக்கக்கூடும் என்று ஆப்பிள் 2021-ல் எச்சரித்திருக்கிறது. எந்தக் கவரும் இதைத் தடுக்காது. போனைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, காதில் வழி கேட்டு ஓட்டுங்கள். அதே காரணத்தால், காரில் ஒட்டவைக்கக் கவருக்குள் கேமராவுக்குப் பக்கத்தில் இரும்புத் தகடோ காந்தமோ ஒட்டாதீர்கள். காந்த வளையம் வேண்டும் என்றால் அந்த மாடலுக்கென்றே செய்த கவரை எடுங்கள்.

“மிலிட்டரி கிரேடு” என்று அட்டையில் போட்டிருந்தால் என்ன அர்த்தம் என்று ஒரு ஜீப் டிரைவர் அண்ணன் கேட்டார். அமெரிக்க ராணுவத்தின் 810 என்கிற தரத்தில் ஒரு விழும் சோதனை இருக்கிறது: சுமார் 122 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து 26 முறை, எல்லாப் பக்கமும் எல்லா மூலையும் படும்படி. விழுவது பெரும்பாலும் பலகை விரித்த தரையில். டால்பின் நோஸ் பாறையில் விழுவது வேறு. அட்டையைப் பார்த்துத் தைரியம் கொள்ளாமல், மூலைகளில் காற்றுப் பை மாதிரிப் புடைப்பு இருக்கிறதா, கவரில் கயிறு கோக்கும் துளை இருக்கிறதா என்று பாருங்கள். கயிறு மணிக்கட்டில் இருந்தால் போன் பாறையைத் தொடவே தொடாது. குனிந்து நிமிர்ந்து கொழுந்து பறிக்கிறவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன். சட்டைப் பையில் வைத்தால் கேமரா உடம்புப் பக்கம் இருக்கட்டும்.

கவர் ஆயுளுக்கும் வராது. டிபியு நாளடைவில் மஞ்சளாகும், தளரும், விளிம்பு தேயும். மஞ்சளானதால் தீமை ஒன்றுமில்லை. தளர்ந்தால்தான் மாற்ற வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்த ஏடிஎம் கார்டு சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். வெளிச்சக் கோடு மறைந்த அன்று மாற்றிவிடுங்கள். நூற்றைம்பது, இருநூறு ரூபாய் செலவு. கேமராவுக்கு மேலே உள்ள கண்ணாடியை மட்டும் மாற்றினாலே அதைவிடக் கூடும், கேமராவையே மாற்றினால் பல ஆயிரம்.

பழைய மாடலுக்கு நல்ல கவர் கிடைக்கவே கிடைக்காது. அந்த அக்காவின் போனும் அப்படித்தான், நாலு வருஷத்துப் போன். கேமராக் கண்ணாடியைத் தம்பி மாற்றிக் கொடுத்தான். கோவை மொத்தக் கடையில் கேட்டும் கவர் ஒன்றுதான் கிடைத்தது, அதில் விளிம்பு இரண்டே தாள் உயரம். அதற்கு நாங்கள் செய்வதைச் சொல்கிறேன், வீட்டிலும் செய்யலாம். பீரோ கதவு சத்தம் போடாமல் இருக்க ஒட்டும் சின்ன ரப்பர் பொட்டுகள் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். அதில் ஆக மெலிந்ததை, ஒன்று ஒன்றரை மில்லிமீட்டர் உயரம் உள்ளதை, வாங்குங்கள். கிடைக்காவிட்டால் சைக்கிள் டியூபில் விரல் நக அகலத்துக்கு வெட்டி, பசை போட்டு ஒட்டலாம். கவரின் முதுகைச் சோப்பு நீரில் கழுவி, எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, கேமரா மேட்டுக்கு இடப்பக்கமும் வலப்பக்கமும் இடம் உள்ள ஓரத்தில் ஒவ்வொன்று, கீழ் மூலைகளில் ஒவ்வொன்று என்று நாலு இடத்தில் ஒட்டுங்கள். மேலே இரண்டு மட்டும் ஒட்டினால் போன் சாய்ந்தபடி நிற்கும். நாலும் இருந்தால் மேசையில் வைத்து டைப் செய்யும்போது வரும் ஆட்டமும் நின்றுவிடும். ஒரு ராத்திரி முழுக்க ஒரு புத்தகத்தைப் பாரமாக வைத்துப் பசை பிடிக்க விடுங்கள். மறுநாள் கார்டை வைத்துப் பார்க்க வேண்டும்.

மறுநாள் சாயங்காலம் அவர் வந்தபோது கார்டை அவர் கையிலேயே கொடுத்தேன். ரேஷன் கார்டைத்தான் எடுத்தார். பாலம் வைத்தார், குனிந்து பார்த்தார், அதற்கடியில் என் ஏடிஎம் கார்டைப் படுக்கவைத்துத் தள்ளினார். நுழைந்தது. “தெரியுது பாப்பா, கோடு தெரியுது” என்றார். பேத்தியைக் கையோடு கூட்டி வந்திருந்தார். பரிசாக வாங்கிய தட்டு அவள் பையில் இருந்தது. அதைக் கையில் பிடிக்கவைத்து, கடை வாசலில் வெளிச்சம் முகத்தில் விழுகிற பக்கமாக நிறுத்தி எடுத்தார்.